முப்பதா முப்பத்தாறா

"பேபி நல்லா இருக்கு மேடம், அதை மொதல்ல சொல்லிடறேன். உங்க பம்ப்புதான் சரியில்ல."

புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. மௌரீன் அப்போதுதான் ஈஜிபுரா சிக்னலில் ஆட்டோவை விட்டு இறங்கி, கட்டி முடியாத மேம்பாலத்தின் தூண்களுக்கு நடுவே சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கன்னடம் கலந்த தமிழில் பேசியவர் ஷோபா. நகரத்தின் ஒரு மருத்துவமனையில், பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு நர்ஸ். மௌரீன் வேலை செய்யும் சின்ன நிறுவனம் சிரிஞ்ச் பம்ப் செய்கிறது. மருந்து நிரப்பிய சிரிஞ்சை அதில் மாட்டினால், பின்பக்கத்தை மிக மெதுவாகத் தள்ளி, மணிக்கு ஒரு மில்லி, அரை மில்லி என்று குழந்தையின் ரத்தக்குழாய்க்குள் செலுத்தும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அதைவிட வேகமாக எதையும் கொடுக்க முடியாது. இரண்டு மாதங்களாக மூன்று மருத்துவமனைகளில் முப்பத்தெட்டு பம்ப்புகள் சோதனை முறையில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள் ஓடும் மென்பொருளுக்கு மௌரீன்தான் பொறுப்பு.

"என்னாச்சு சிஸ்டர்?"

"திங்கக்கிழமை ராத்திரி ஒம்பதுக்கு ஸ்டார்ட் பண்ணோம். மணிக்கு ஒரு மில்லி. இன்னிக்கு காலைல ஒம்பதுக்கு முப்பத்தாறு மணி நேரம் ஆச்சு. அப்ப முப்பத்தாறு மில்லி போயிருக்கணும் இல்ல? ஸ்க்ரீன்ல டோட்டல் முப்பதுன்னு காட்டுது."

மௌரீன் உடனே கேட்டாள், "சிரிஞ்சுல எவ்ளோ போயிருக்கு?"

"சிரிஞ்சுல கரெக்டா முப்பத்தாறு. நேத்து ராத்திரி மாத்தினதுல இருபத்திநாலு, இப்ப இருக்கறதுல பன்னெண்டு. ரெண்டையும் எடுத்து வெச்சிருக்கேன்."

அவள் மூச்சு விட்டாள். குழந்தைக்குள் போனது சரியான அளவு. மோட்டார் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. திரையில் காட்டும் எண்தான் பொய்.

"நான் அந்தப் பம்ப்பைக் கழட்டிட்டு எங்க பழைய பம்ப்பை மாட்டிட்டேன்," என்றார் ஷோபா. "ஆனா இதே மாதிரி இன்னும் பதினொண்ணு என் வார்டுல ஓடுது. ஸ்வல்ப, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

அலுவலகம் இரண்டாவது மாடி. மௌரீன் பையைக்கூட இறக்கி வைக்காமல் உட்கார்ந்து, அந்தப் பம்ப் அனுப்பியிருந்த பதிவைத் திறந்தாள். பம்ப்புகள் நாளுக்கு இரண்டு முறை தங்கள் பதிவுகளை அலுவலகத்துக்கு அனுப்பும். அதிலும் 30.0 என்றே இருந்தது. திரையில் காட்டுவதும் பதிவில் எழுதுவதும் ஒரே எண்ணைத்தான், அதனால் அதில் ஆச்சரியமில்லை.

அடுத்து, அதே நிரலைத் தன் மேசையிலிருந்த சோதனைப் பலகையில் ஓட்டினாள். மோட்டார் இல்லாமல், நூறு மடங்கு வேகத்தில் நேரத்தை ஓட்டும் வசதி அதில் இருந்தது. முப்பத்தாறு மணி நேரம் இருபத்திரண்டு நிமிடத்துக்குள் ஓடி முடிந்தது. திரையில் 36.0.

இன்னொரு முறை ஓட்டினாள். 36.0.

பதினொரு மணிக்கு ஷோபாவை அழைத்தாள். "சிஸ்டர், இங்க சரியாத்தான் வருது. சிரிஞ்ச் மாட்டும்போது மெனுல கம்பெனி பேரு செலக்ட் பண்ணுவீங்க இல்ல? அது மாறியிருந்தா டோட்டல் தப்பா காட்டலாம்."

எதிர்முனையில் ஷோபாவின் குரல் தணிந்து வந்தது. தணிந்திருந்ததாலேயே அதிலிருந்த கோபம் நன்றாகக் கேட்டது.

"மேடம், பதினாறு வருஷமா நான் இந்த வார்டுல இருக்கேன். சிரிஞ்ச் பேரு மாத்திப் போடறவ நான் இல்ல. ஃபோன்ல சொன்னா நம்பமாட்டீங்க. நீங்களே வந்து பாருங்க, நோடி."

மௌரீன் போனாள்.

வார்டு வாசலில் செருப்பைக் கழற்றி, முழங்கை வரை கைகழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் ஷோபா ஒரு எஃகுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் இரண்டு சிரிஞ்சுகள். இரண்டின் மேலும் நீளவாக்கில் வெள்ளை மைக்ரோபோர் டேப் ஒட்டியிருந்தது. டேப்பில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு, பக்கத்தில் நேரம். ராத்திரி டியூட்டியில் இருந்தவர் நீல மையில் எழுதியிருந்தார். காலை டியூட்டி கறுப்பு. மதியத்துக்கு யாரோ பச்சை ஸ்கெட்ச் பேனாவைப் பிடித்திருந்தார்கள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவாக, பள்ளிக்கூட ஸ்கேல் மாதிரி இருந்தது.

மௌரீன் விரலை வைத்து எண்ணினாள். இருபத்திநாலு. பன்னிரண்டு.

"உங்க பம்ப் புதுசு. அதனால முதல் நாள்லேருந்தே ஒட்டச் சொல்லியிருந்தேன்," என்றார் ஷோபா. "ஆறு மில்லின்னா உங்களுக்கும் எனக்கும் ஒரு ஸ்பூன். இந்த பேபி ஒரு கிலோ நூத்தி எண்பது. ஒரு நாளைக்கு எவ்ளோ உள்ள போச்சுன்னு டாக்டர் அந்த நம்பரைப் பார்த்துத்தான் மறுநாளைக்கு எழுதுவாரு. கம்மியா போயிருக்குன்னு நெனச்சு ஜாஸ்தி எழுதிட்டா?"

"இந்தத் தடவை எழுதினாரா?"

"எழுத விடல. டேப்பைக் காட்டினேன்."

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் குழந்தை மஞ்சள் கம்பளித் தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தது. மார்பு ஏறி ஏறி இறங்கியது. மௌரீன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி, "சிஸ்டர், காலைல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

"சரி விடுங்க. கண்டுபிடிங்க," என்றார் ஷோபா.

ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் ஷோபா கழற்றிவைத்த பம்ப்பை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். அலுவலகத்தில் அதை மேசையில் வைத்து, சோதனைப் பலகைக்குப் பக்கத்தில் இணைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் நூறு மடங்கு வேகத்தில் ஓடவிட்டாள். மணிக்கு ஒரு மில்லி.

பத்து மில்லி வரை இரண்டும் ஏறக்குறையச் சேர்ந்தே போயின. பதினாறுக்கு மேல் பம்ப் பின்தங்கத் தொடங்கியது. பலகை 24.0 காட்டியபோது பம்ப்பில் 21.8. பலகையில் 36.0 வந்தபோது பம்ப்பில் 30.0.

ஷோபா சொன்ன அதே எண்.

பக்கத்து மேசையிலிருந்து ஹரிஷ்குமார் எழுந்து வந்தான். ஆம்பூர்க்காரன், இருபத்தாறு வயது, வேலைக்குச் சேர்ந்து பதினொரு மாதம். அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, நண்பர்களோடு ஒரு வீட்டில் இருந்தான். அவள் எதையும் நிறுத்தாமல் ஓடவிட்டுக்கொண்டிருந்ததால் அவனும் நின்று பார்த்தான். முப்பத்திரண்டைத் தாண்டியதும் பம்ப்பின் எண் விறுவிறுவென்று ஏறியது. பலகையை எட்டிப் பிடித்தது, முந்தியும் போனது. பலகையில் 62 வந்தபோது பம்ப்பில் 64.0.

பிறகு நின்றுவிட்டது.

63, 64, 65 என்று பலகை போய்க்கொண்டே இருந்தது. பம்ப்பில் 64.0. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் எண் அசையவில்லை.

பம்ப்பில் 'வரம்பு' என்று ஒரு வசதி உண்டு. இத்தனை மில்லி போனதும் தானாக நின்றுவிடு என்று சொல்லி வைக்கலாம். நிற்கலாமா என்று பம்ப் பார்ப்பது இந்த மொத்தத்தைத்தான். யாராவது வரம்பை எழுபது என்று வைத்திருந்தால், பம்ப்பைப் பொறுத்தவரை அந்த எழுபது வரவே வராது.

"ரெண்டுலயும் கோட் ஒண்ணுதானே மேடம்?" என்றான் ஹரிஷ்.

"ஒண்ணுதான். ஒரு எழுத்துகூட மாறல."

"அப்ப கம்பைல் பண்ற விதம்தான்..." அவன் பாதியில் நிறுத்தினான். "மேடம். ஸ்க்ரீன்ல கிராஃப் விட்டு விட்டு வருதுன்னு சொன்னாங்களே, அதுக்காக பம்ப்புக்குப் போற ரிலீஸ் பில்டுல நான் ஒரு ஆப்ஷன் போட்டேன். கணக்கெல்லாம் வேகமா ஓடற ஆப்ஷன். மார்ச்சுல. உங்க மேசைல இருக்கற பில்டுல அது இல்ல."

மௌரீன் அவனைப் பார்த்தாள். ஒரு கணம் அவனைத் திட்டத் தோன்றியது. அதற்கு முன், மார்ச் மாதத்து மாற்றத்தின் பக்கத்தைத் திறந்தாள். ஒரே ஒரு வரி மாற்றம். கீழே, 'சரிபார்த்து ஒப்புக்கொண்டவர்' என்ற இடத்தில் அவள் பெயர்.

தேதியையும் நேரத்தையும் பார்த்ததும் நினைவு வந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். விவேக் நகரில் குழந்தை இயேசு கோயில் நொவேனா பிரார்த்தனைக்கு வந்த கூட்டத்தில் பஸ் நகராமல் நின்றிருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஃபோனிலேயே வரிசையாக ஆறேழு மாற்றங்களைப் படித்து, எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தியிருந்தாள். இதுவும் அதில் ஒன்று. ஒரு வரிதானே.

"நீ போட்ட, நான் சரின்னேன்," என்றாள். "வா, உள்ள என்ன ஆச்சுன்னு பார்ப்போம்."

கம்பைலர் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றிய பிறகு கிடைப்பதை வரி வரியாகப் படிக்க முடியும். மொத்தத்தைக் கூட்டும் பகுதியை அவள் இரண்டு வடிவத்திலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பலகையில் ஓடியதில் ஒரு கூட்டலும் மூன்று கழித்தலும் இருந்தன, அவள் எழுதியபடியே. பம்ப்பில் இருந்ததில் ஒரே ஒரு கூட்டல். மூன்று கழித்தல்களையும் காணோம்.

"தூக்கிட்டிருக்கு," என்றாள் மெதுவாக. "பிழையைத் திருத்த நான் எழுதின நாலு வரியும் ஒரே கூட்டலா ஆயிடுச்சு."

மூன்று மணிக்கு இருவரும் கோதண்டராமனின் அறைக்குப் போனார்கள். நிறுவனத்தை ஆரம்பித்தவர் அவர்தான். மெக்கானிக்கல் இன்ஜினியர், ஐம்பத்தெட்டு வயது. பம்ப்பின் திருகு, பல்சக்கரம் எல்லாம் அவருடைய வடிவமைப்பு. மென்பொருள் என்றால், "எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்பார். அன்றைக்கும் அதையேதான் சொன்னார்.

மௌரீன் வெள்ளைப் பலகையில் எழுதினாள்.

"சார், பம்ப்புக்குள்ள இருக்கற சின்ன கம்ப்யூட்டர் ஒரு நம்பருக்கு ஏழு இலக்கம் அளவுக்குத்தான் இடம் குடுக்கும். மணிக்கு ஒரு மில்லின்னா, நொடிக்கு நூறு தடவை, ஒவ்வொரு தடவையும் இவ்ளோ கூட்டணும்." 0.0000028 என்று எழுதினாள். "மொத்தம் ஒண்ணு, ரெண்டுன்னு சின்னதா இருக்கற வரைக்கும் பிரச்சினை இல்ல. மொத்தம் இருபது ஆனதும் இருபதையும் எழுதி, இந்தக் கடைசி இலக்கத்தையும் எழுத இடம் பத்தாது. கிட்ட இருக்கற நம்பருக்கு முழுசாக்கிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விழும், சில சமயம் கூடும், அறுபத்துநாலு ஆனதும் முழுசாவே விழுந்துடும்."

"விழறது ரொம்பச் சின்னதுதானே?"

"சின்னதுதான். ஆனா ஒரு மணி நேரத்துல மூணு லட்சத்து அறுபதாயிரம் தடவை விழுது சார்."

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எனக்கு முன்னாடியே தெரியும்," என்று தொடர்ந்தாள் மௌரீன். "அதனாலதான் ஆரம்பத்துலயே அதுக்கு நாலு வரி எழுதினேன். ஒவ்வொரு தடவை கூட்டினதும் எவ்ளோ விழுந்துச்சுன்னு கண்டுபிடிச்சு, அதைத் தனியா வெச்சு, அடுத்த தடவை சேர்த்துக்கணும். புது மொத்தத்துலேருந்து பழைய மொத்தத்தைக் கழிச்சா, உண்மையில எவ்ளோ ஏறிச்சுன்னு தெரியும். அதுலேருந்து கூட்ட வேண்டியதைக் கழிச்சா, விழுந்தது கிடைக்கும்."

"சரி."

"கம்பைலர் இதைப் பார்த்துச்சு. ஸ்கூல் அல்ஜீப்ராபடி, ஒண்ணோட ஒண்ணைக் கூட்டி, அப்புறம் ரெண்டையும் கழிச்சா என்ன வரும்?"

"பூஜ்யம்."

"அதேதான். எப்பவும் பூஜ்யம் வரப்போற கணக்கை எதுக்கு நொடிக்கு நூறு தடவை போடணும்னு எடுத்துப் போட்டுடுச்சு. சாதாரணமா அதுக்கு அப்படிச் செய்ய அனுமதி இல்ல. நாங்க போட்ட ஆப்ஷன் அந்த அனுமதியைக் குடுத்துடுச்சு. துல்லியம் கொஞ்சம் போனாலும் பரவாயில்ல, வேகம்தான் வேணும்னு நாங்களே சொல்லியிருக்கோம்."

"டெஸ்ட்ல ஏன் தெரியல?"

"மோட்டாரோட ரெண்டு மணி நேரம்தான் ஓட்டினோம் சார். ரெண்டு மில்லில ஒரு சதவீதம்தான் வித்தியாசம், பாஸ் ஆயிடுச்சு. நீளமான டெஸ்ட் எல்லாம் என் மேசைல, ஆப்ஷன் இல்லாத பில்டுல ஓடிச்சு."

ஹரிஷ் அதுவரை கதவோரம் நின்றிருந்தான். "சார், ஆப்ஷனைப் போட்டது நான்," என்றான்.

"ஒப்புதல் குடுத்தது நான் சார்," என்றாள் மௌரீன். "பஸ்ல உட்கார்ந்து ஃபோன்ல பார்த்து சரின்னுட்டேன். என்னன்னு தெரிஞ்சிருக்க வேண்டியது எனக்குத்தான், அந்த நாலு வரி என்னுடையது."

கோதண்டராமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று மௌரீனுக்குத் தெரியவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"மோட்டார் கணக்கு இதுல வருதா?"

"இல்ல சார். மோட்டார் எத்தனை ஸ்டெப் நகரணும்கறது முழு எண். தனி. குழந்தைக்குப் போற வேகம் மாறவே இல்ல. காட்டற மொத்தமும், வரம்பும்தான் தப்பு."

"அப்ப வரம்பை யார் யார் யூஸ் பண்ணியிருக்காங்கன்னு இப்பவே பாருங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம். மூணு ஹாஸ்பிடலுக்கும் நானே ஃபோன் பண்றேன். மொத்தத்தை நம்பாதீங்க, வரம்பைத் தொடாதீங்க, சிரிஞ்சைப் பார்த்து எழுதுங்கன்னு சொல்றேன்." ஃபோனை எடுத்தவர், ஒரு நிமிடம் நிறுத்தினார். "அந்த சிஸ்டர் பேரு என்ன?"

"ஷோபா."

"அவங்களுக்கு மொதல்ல."

ஹரிஷ் முப்பத்தெட்டு பம்ப்புகளின் பதிவுகளையும் இறக்கினான். இரண்டு மாதத்தில் நானூற்றுப் பத்து முறை மருந்து செலுத்தியிருந்தார்கள். அவன் தேடுவதற்கு ஒரு சின்ன நிரல் எழுதினான். இரண்டு முறை தப்பாக எழுதி அழித்தான். மௌரீன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் எழுதுவதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். வெளியே தெருவில் தள்ளுவண்டிக்காரர் வெங்காய, தக்காளி விலையைக் கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை கூவிக்கொண்டு போனார்.

நானூற்று ஒன்பதில் வரம்பு வைக்கப்படவில்லை. நர்சுகள் வேகத்தை மட்டும் வைத்துவிட்டு, முடியும்போது கையால் நிறுத்தியிருந்தார்கள்.

ஒன்றில் வைத்திருந்தார்கள். சந்தாபுராவில் இருக்கும் மருத்துவமனை. போன வெள்ளிக்கிழமை.

"மேடம்," என்றான் ஹரிஷ். திரையில் அந்த வரியைச் சுட்டிக்காட்டினான்.

"வேகம் என்ன? வரம்பு என்ன?"

"மணிக்கு நாலு மில்லி. வரம்பு இருபது."

கோதண்டராமன் அந்த மருத்துவமனை டாக்டருக்கு ஃபோன் போட்டார். அவர் ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறார், அரை மணியில் கூப்பிடுவார் என்றார்கள். அந்த அரை மணியை மௌரீனால் சும்மா கடத்த முடியவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள்.

வேகம் நான்கு என்றால் ஒவ்வொரு முறையும் கூட்டும் எண் நான்கு மடங்கு பெரியது. பெரிய எண்ணில் விழுவது குறைவு. மணிக்கு ஒரு மில்லியில் பதினாறைத் தாண்டியதும் தொடங்கிய தொல்லை, நான்கு மில்லியில் அறுபத்துநாலைத் தாண்டினால்தான் தொடங்கும். இருபதுக்குள் என்ன நடக்கும்? இரண்டிலிருந்து நான்கு வரை, நான்கிலிருந்து எட்டு வரை, எட்டிலிருந்து பதினாறு வரை என்று துண்டு துண்டாகப் போட்டாள். சில துண்டுகளில் கொஞ்சம் குறைத்துக் காட்டியது. பெரிய துண்டுகளில் மூன்று சதவீதம் கூட்டிக் காட்டியது. எல்லாவற்றையும் சேர்த்தபோது, திரையில் 20 வந்து பம்ப் நின்ற நேரத்தில் உண்மையில் போயிருக்க வேண்டியது 19.7.

இன்னொரு தாளில் முதலிலிருந்து போட்டாள். 19.7.

"ஹரிஷ், இங்க பாரு. அதிகமா போகல. கம்மியாத்தான் போயிருக்கு. அதுவும் கால் மில்லிக்குக் கொஞ்சம் மேல."

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். உதடு அசைய ஒவ்வொரு வரியையும் தானும் கூட்டிப் பார்த்தான். "ஆமா மேடம்," என்றான். "ஆமா."

ஐந்தேகாலுக்குச் சந்தாபுரா மருத்துவமனையிலிருந்து டாக்டர் ஸ்னேஹா கூப்பிட்டார். கோதண்டராமன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சுருக்காமல் சொன்னார். தங்கள் தவறு என்பதையும் சொன்னார். மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழமையா? ஆங், அது குளுக்கோஸ். சுகர் கம்மியா இருந்துச்சுன்னு போட்டோம். இருபதுக்குப் பதிலா பத்தொன்பது புள்ளி ஏழா? அது ஒரு விஷயமே இல்ல சார். அந்த பேபி சண்டே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கே போயாச்சு. அவங்க அம்மா நேத்துகூட தடுப்பூசி பத்திக் கேட்டு ஃபோன் பண்ணாங்க." பிறகு, "ஆனா நீங்களே கூப்பிட்டுச் சொன்னது நல்லது. சரி பண்ற வரைக்கும் இங்க வரம்பு வைக்க வேணாம்னு எழுதி ஒட்டிடறேன்," என்றார்.

ஃபோனை வைத்ததும் ஹரிஷ் அப்படியே சுவரோரம் சரிந்து, தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. கோதண்டராமன் கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்ப்பது போல நின்றுகொண்டார். மௌரீன் கணக்குப் போட்ட இரண்டு தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை அந்த ஒரு வரியை எடுத்தார்கள். உடனே திரையில் கிராஃப் பழையபடி விட்டு விட்டு வந்தது. ஹரிஷ் அதோடு இரண்டு மணி நேரம் மல்லாடினான். கடைசியில், வேகம் தேவைப்படுவது கிராஃப் வரையும் ஒரே ஒரு கோப்புக்குத்தான் என்று கண்டுபிடித்து, அதற்கு மட்டும் ஆப்ஷனை வைத்தான். "கோடு ஒரு புள்ளி தள்ளி விழுந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது மேடம்," என்றான். மருந்தைத் தொடும் எந்தக் கோப்பிலும் அந்த ஆப்ஷன் போட முடியாதபடி, போட்டால் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும்படி மௌரீன் ஒரு தடை எழுதினாள். பிறகு கட்டளைகளைத் திறந்து பார்த்தாள். மூன்று கழித்தல்களும் இருந்தன.

மதியம் இரண்டு மணிக்கு, மருத்துவமனைக்குப் போகப்போகும் அதே வடிவத்தைப் பம்ப்பில் ஏற்றி, நூறு மணி நேரச் சோதனையை ஓடவிட்டார்கள். நிஜத்தில் அது ஒரு மணி நேரம். பல்சக்கரப் பிரிவிலிருந்து இரண்டு பேர், கணக்குப் பார்க்கும் பெண், கோதண்டராமன் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். 24.0 சரியாக வந்தது. 36.0 வந்தபோது ஹரிஷ் கையை இறுகக் கட்டிக்கொண்டான். அறுபதைத் தாண்டியதும் எல்லோரும் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

63.8. 63.9. 64.0.

மௌரீன் திரைக்கு அருகில் குனிந்தாள்.

64.1.

"தாண்டிடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். "போகுது போகுது!" என்றார் இன்னொருவர். கோதண்டராமன் ஹரிஷின் முதுகில் ஓங்கித் தட்டினார். அவன் இருமிக்கொண்டே சிரித்தான். நூறு வரும் வரை எல்லோரும் நிற்கவேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் நின்றார்கள். 100.0 வந்த பிறகுதான் கலைந்தார்கள்.

அன்று மாலை கோதண்டராமன் இருவரையும் கூப்பிட்டார். ஹரிஷ் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனான்.

"ரெண்டு விஷயம்," என்றார். "ஒண்ணு, இனிமே எந்த டெஸ்டும் வெளிய போற பில்டுலதான். மேசைல இருக்கறதுல இல்ல. ரெண்டு, ஒப்புதல் எல்லாம் நாற்காலில உட்கார்ந்துதான், பஸ்ல இல்ல." மௌரீன் தலையாட்டினாள். அவர் ஹரிஷைப் பார்த்தார். "நீ ஏம்ப்பா இவ்ளோ டென்ஷனா நிக்கற? நாளைக்கு அந்த சிஸ்டர்கிட்ட நீயும் போ. போய் நீயே பம்ப்பை மாட்டிக் குடு."

வெள்ளிக்கிழமை காலை மௌரீனும் ஹரிஷும் வார்டுக்குப் போய்ப் பன்னிரண்டு பம்ப்புகளிலும் புது மென்பொருளை ஏற்றினார்கள். ஷோபா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்று பார்த்தார். முடிந்ததும் ஹரிஷ், "சிஸ்டர், தப்பு பண்ணது நான்தான். மன்னிச்சுக்கோங்க," என்றான்.

ஷோபா அவனை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊருப்பா?"

"ஆம்பூர்."

"எங்க வீட்டுக்காரரு ஊரும் அந்தப் பக்கம்தான். மன்னிப்பெல்லாம் பேடா, வேணாம். மறைக்காம வந்து சொன்னீங்க இல்ல, அது போதும். எங்க வேலையிலயும் தப்பு வரும். சொல்லாம விட்டாத்தான் பெருசாகும்." பிறகு மௌரீன் பக்கம் திரும்பினார். "நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு மேடம். உங்க அலாரம் சத்தம் ரொம்ப ஜாஸ்தி. ஒரு பம்ப் கத்தினா ஆறு பேபி முழிச்சுக்குது. அதைக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?"

"நிச்சயமா சிஸ்டர். எழுதிக்கறேன்," என்று மௌரீன் நோட்டை எடுத்தாள்.

"டபுள் செக் பண்ணிட்டு அனுப்புங்க," என்றார் ஷோபா. கண்கள் சிரித்தன.

கீழே கேண்டீனில் கூட்டம் அதிகம் இல்லை. புதன்கிழமையிலிருந்து தான் சரியாகச் சாப்பிடவில்லை என்பது, இட்லி வேகும் வாசனை வந்தபோதுதான் மௌரீனுக்குத் தெரிந்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. இரண்டு ரவா இட்லி, ஒரு வடை வாங்கினாள். அதை முடித்துவிட்டு இன்னொரு தட்டு வாங்கினாள். எதிரே ஹரிஷ் மசால் தோசையின் ஓரத்திலிருந்து பிய்த்துத் தின்றுகொண்டே, அலாரம் சத்தத்தை இரவில் தானாகக் குறைப்பது எப்படி என்று பேச ஆரம்பித்திருந்தான்.

"ஹரிஷ்," என்றாள் அவள், வாய் நிறைய இட்லியோடு. "மொதல்ல சாப்பிடு. திங்கக்கிழமை பேசிக்கலாம்."

அவன் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு எழுந்து போனான்.